துறைமுகக் கருத்துக்கேட்பு: தேவகோட்டைக்காரரும் எழுதிக் கொடுக்கலாம்

தொண்டிப் பக்கம் துறைமுகம் என்று பேச்சு வந்தாலே, "அது ராமநாதபுரம் சமாச்சாரம், நமக்கென்ன" என்று தேவகோட்டையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் துறைமுகம் கட்டினால், அலைதடுப்புச் சுவருக்குக் கல்லும், சரக்குத் தளத்தை மேடாக்கக் கிராவலும் நம்மைப் போன்ற சுற்று ஊர்க் குவாரிகளிலிருந்து டிப்பரில்தான் போகும். தூத்துக்குடியில் ஒரு சுவரே சுமார் 4 கிலோமீட்டர்.

20, 30 வருடத்துக்குப் போடும் மாஸ்டர் பிளானைக் காட்டி யாரும் ஊரைக் கேட்பதில்லை. கேட்பது, மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான். 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். கலெக்டர் ஆபீசில் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கை பார்வைக்கு இருக்க வேண்டும். போனால், "செக்‌ஷன் ஆள் லீவு, பீரோ சாவி இல்லை" என்பார்கள். அன்றே அதை மனுவாக எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். "தபாலில் போடுங்க" என்றால் ஸ்பீடு போஸ்டில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும், அதிகபட்சம் 10 பக்கம். கல் எங்கிருந்து, லாரி எந்த ரோட்டில், கடலை ஆழப்படுத்தி எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் இங்கிலீஷ் அறிக்கைக்குள் கிடக்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.

"நீங்க எந்த மாவட்டம்?" என்று மடக்குவார்கள். மசியாதீர்கள். திட்டத்தோடு நியாயமான தொடர்புள்ள எவரும் எழுத்தில் கருத்துத் தரலாம். அந்தத் தொடர்பைச் சர்வே எண், ரோட்டுப் பெயரோடு எழுதுங்கள். வெறும் "எதிர்க்கிறோம்" பைலில் ஒரு வரியாக முடியும். கேள்வியாகக் கேளுங்கள்: ரோட்டை அகலப்படுத்தும்போது ஊருணி வரத்துக்காலின் குறுக்கே எத்தனை குழாய், என்ன விட்டம்? குழாய் சிறுத்தால் மழைத்தண்ணீர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே தேங்கும், ஊருணி காயும். முதல் கட்டத்துக்கு மட்டும் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டிருந்தால் இரண்டாம் கட்டச் சரக்கு எத்தனை டன் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன்னைத் தொட்டால் கோப்பு டெல்லிக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகும். குறைந்தால் பெரும்பாலும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தோடு முடிந்துவிடும்.

இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதி கிடையாது. ஆகவே புறக்கணிப்பு அவர்களுக்குத்தான் வசதி. சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, அன்றே கையெழுத்தாக வேண்டும். உங்கள் பேச்சு விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

அனுமதி வந்தபின் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். தென்மண்டல அமர்வு சென்னையில். சீல் போட்ட அந்த நகல்களை அங்கே கேட்பார்கள்.