பழைய மதிப்பைக் காட்டிப் பிழை தேடும் மிரி

ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல்களைச் சோதிக்கும் கருவி மிரி. அது எத்தகைய பிழையைத் தேடுகிறது என்பதைப் பார்க்க, பாளையங்கோட்டையில் கணினியியல் பயிலும் மாணவர் ஒருவர் அம்மொழியில் இரண்டு இழைகள் (ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் நிரல் பகுதிகள்) கொண்ட நிரல் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். முதல் இழை ‘தரவு’ என்னும் மாறியில் 42 என எழுதிய பின் ‘கொடி’ என்னும் மாறியை 1 ஆக்குகிறது; தொடக்கத்தில் இரண்டின் மதிப்பும் 0. இரண்டாம் இழை கொடி 1 ஆனதைக் கண்டதும் தரவைப் படிக்கிறது. இரண்டும் பல இழைகள் ஒரே நேரத்தில் பாதுகாப்பாகத் தொடக்கூடிய அட்டாமிக் மாறிகளே, ஆனால் எல்லாச் செயல்களும், வெவ்வேறு மாறிகளுக்கிடையே வரிசையை உறுதிசெய்யாத ‘ரிலாக்ஸ்டு’ என்னும் தளர்ந்த வரிசைமுறையில் உள்ளன. இன்டெல் செயலி, மாறிகளில் எழுதும் செயல்களை அவை நடந்த வரிசையிலேயே மற்ற இழைகளுக்குக் காட்டுவதால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வரிசையை மாற்றாத வரை, மாணவரின் மடிக்கணினியில் 42 மட்டுமே வரும். ஆர்ம் செயலி உள்ள கைப்பேசியில் அதே நிரல் என்றேனும் 0 தரக்கூடும்.

பாபநாசம் அணையைத் திறந்த செய்தி தொலைபேசியில் மருதூருக்கு உடனே எட்டிவிடும்; தண்ணீர் தாமிரபரணி வழியே பிறகுதான் வந்து சேரும். கொடி அந்தச் செய்தி, தரவு அந்தத் தண்ணீர். கொடியை ‘ரிலீஸ்’ முறையில் எழுதி ‘அக்வயர்’ முறையில் படித்தால், செய்தியைக் கண்டவருக்குத் தண்ணீரும் வந்திருக்கும் என்ற உறுதி கிடைக்கிறது.

இந்த உறுதி விடுபட்டிருப்பதை மடிக்கணினியிலேயே காட்ட வல்லது, ரஸ்ட் நிரல்களை வரிவரியாக இயக்கிச் சோதிக்கும் மிரி. ஓர் இழை எழுதியதை மற்ற இழைகள் எப்போது காணலாம் எனச் சொல்லும் விதிகளுக்கு நினைவக மாதிரி என்று பெயர்; சி++ நிரல்மொழியின் 2011 பதிப்பான சி++11இன் நினைவக மாதிரிக்காக ஆய்வாளர்கள் லிட்பரியும் டொனால்ட்சனும் 2017இல் வெளியிட்ட வழிமுறையே இதற்கு அடிப்படை. ஒவ்வொரு அட்டாமிக் மாறிக்கும் கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளாமல், அதில் அண்மையில் எழுதப்பட்ட மதிப்புகளை வரிசையாகச் சேமித்து, ஒவ்வொன்றையும் எந்த இழை, தன் செயல்களின் வரிசையை எண்ணும் கடிகாரத்தின் எந்தக் கட்டத்தில் எழுதியது என்பதையும் மிரி குறித்துவைக்கிறது. ஓர் இழை படிக்க வரும்போது, அது பார்த்திருக்கலாம் என மொழியின் விதிகள் அனுமதிக்கும் மதிப்புகளுள் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து தருகிறது. புதிய மதிப்பு எழுதப்பட்டது அந்த இழைக்கு ரிலீஸ், அக்வயர் வழியாகத் தெரிந்திருந்தால் பழையது அந்தத் தேர்விலிருந்து நீக்கப்படும். ஒருமுறை புதியதைப் படித்த இழைக்கு மீண்டும் பழையது கிடைக்காது. படித்து, மாற்றி, எழுதுவதை ஒரே செயலாகச் செய்யும் கட்டளைகள் எப்போதும் கடைசி மதிப்பையே பெறுகின்றன. தேர்வு தற்செயலானது என்றாலும் அது, தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் ‘விதை எண்’ ஒன்றிலிருந்து பிறப்பதால், பிழை தோன்றிய ஓட்டத்தை அதே எண்ணைக் கொடுத்து மீண்டும் நிகழ்த்தலாம். பிழை திருத்துபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் மிரி கடந்தகாலத்தை மட்டுமே அறியும். தொடக்கத்தில் 0 ஆக உள்ள இரண்டு மாறிகளுள் இழைக்கு ஒன்று என வைத்து, ஒவ்வோர் இழையும் மற்றதன் மாறியை முதலில் தளர்ந்த முறையில் படித்து, பின்னர் தன் மாறியில் அதே முறையில் 1 எழுதினால், இரண்டுமே 1 எனப் படிப்பதை மொழியின் நினைவக மாதிரியும் ஆர்ம் கட்டமைப்பும் அனுமதிக்கின்றன. இன்னும் எழுதப்படாத மதிப்பு மிரியின் சேமிப்பில் இருக்காது என்பதால், அந்த விளைவை எந்த விதை எண்ணாலும் அதனிடம் பெற முடியாது.