பெயிண்டுக்கு அடியில் உப்பு: பழைய சைக்கிளை அழகுபடுத்தும் தம்பிகளுக்கு

தாத்தா வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்த 28 இஞ்ச் ராடு பிரேக் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். ராலே, ஹெர்குலிஸ், அட்லஸ் என்று பெயர் மாறும், கேட்பது மாறாது. போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இதே கலரு, இதே தங்கக் கோடு. பெயிண்டு மட்டும் நீங்க அடிச்சுக் குடுங்க, லைட்டை நானே செஞ்சு மாட்டிக்கிறேன்" என்பார்கள்.

ஆசையைக் குறை சொல்லவில்லை. குழாய்கள் சேரும் இடத்தில் லக் என்ற இரும்புக் கூடு வைத்துப் பற்றவைத்த அந்தக் காலத்துப் பிரேமுக்குத் தனி அழகு உண்டு. ஆனால் படத்தில் இருக்கும் சைக்கிள் ஏதோ மலை ஊரில் நிற்கிறது. நம் சைக்கிள் மண்டபத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கடல் உள்ள ரோட்டில் ஓடப்போகிறது. இந்தக் கரையில் பெயிண்டும் லைட்டும் ஒரே வேலை. தனித்தனியாக நினைத்துச் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பிரேம். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் மழையே பெய்யாத மாசத்திலும் குழாய்க்குள் ஈரம் காயாது. சீட் குழாய் வழியாகவும், பற்றவைக்கும்போது விட்ட சின்ன ஓட்டைகள் வழியாகவும் உப்புக்காற்று உள்ளே போய், அடியில் பெடல் அச்சு இருக்கும் கூட்டில் தேங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் பிரேம் உள்ளே சல்லடையாகிக் கிடக்கும். மீன் ஏற்றிய சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி, பின்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு குழாய்களும்தான் முதலில் போகும்.

பெயிண்டுக்குக் காசு கொடுக்கும் முன் மூன்று சோதனை. சின்னக் காந்தத்தைப் பிரேம் முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, யாரோ பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். ஸ்பேனரால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று மாறினால் அங்கே சந்தேகப்படுங்கள். மூன்றாவது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கைக் கழற்றி வெளியே எடுங்கள். கீழ்ப் பால்ரஸ் (குண்டு உருளும் வளையம்) உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் துரு குழி விழுந்திருந்தால் அந்தப் போர்க் குப்பைக்கு. பிரேமுக்காவது வெல்டிங் வைத்து வைத்தியம் பார்க்கலாம். போர்க் ஒடிந்தால் முகம்தான் ரோட்டில் விழும். பழசு, ஒரிஜினல் என்று இதில் மட்டும் பாசம் காட்டக்கூடாது.

பழைய பெயிண்டை உரிப்பது அடுத்த வேலை. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 90 பி.பி.எம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்குத்தான். அதற்குப் பல காலம் முந்திய சைக்கிள் எனாமலில் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்தால் தூசி பறந்து வீட்டுக்குள் படியும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டு முற்றத்தில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, சேற்றை வழித்து எடுத்துவிடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் துரு எடுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. கடல் உப்பைப் போலவே அதில் இருப்பதும் துருவைக் கிளப்பும் குளோரைடுதான்; பொருத்துகளின் இடுக்கில் புகுந்தது கழுவினாலும் முழுக்கப் போகாது. பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இனி வருவதுதான் நம் மாவட்டத்துக்கே உரிய சங்கடம். தேய்த்த பிரேமைக் கழுவ எல்லாரும் போர் தண்ணீரைத்தான் பிடிப்பார்கள். நம் கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உவர். அந்தத் தண்ணீர் காய்ந்தால் இரும்பின் மேல் உப்பு ஒரு பூச்சாகத் தங்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பிரைமர் அடித்தாலும் கொஞ்ச நாளில் கொப்புளம் கிளம்பும். பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை. கடைசிக் கழுவலுக்குக் காவிரிக் குடிநீர் ஒரு குடம், இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக வெளியே நின்றால் விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும்.

பிரைமரில் சிவப்பு ஆக்சைடு மலிவு. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்கு அது போதும், நம் கரைக்குப் போதாது. எபாக்சி பிரைமர் அல்லது துத்தநாகம் மிகுந்த பிரைமர், அதன் மேல் கலர், அதன் மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு. உப்புக்காற்றுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதற்குப் பாம்பனைப் பாருங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்றுவதே காலமெல்லாம் நடந்த வேலை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி, இரும்புக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு என்று தொடக்கத்திலேயே முன்னேற்பாடு செய்துவிட்டார்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாசி பிடிக்காமல் இருக்கப் படகின் அடியில் பூசுவதில் செம்பு கலந்திருக்கும். இரும்பின் மேல் நேரடியாக அதைப் பூசினால் துரு விரைவாகும்.

ஸ்பிரே அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஹார்ட்னர். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரல் ஒருமுறை அதற்குப் பழகி ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி வாசமே ஆஸ்துமாவைக் கிளப்பும். துணி மாஸ்க்கும் கொரோனா காலத்து மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. வீட்டில் செய்யும் ஆசை இருந்தால் சாதாரண எனாமலைப் பிரஷ்ஷால், திறந்த வெளியில் அடியுங்கள். பி.யூ.வைப் பட்டறைக்கு விடுங்கள்.

ரிம்முக்கும் அதே கலர் வேண்டும் என்று கேட்பார்கள். ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கிறது. அந்த முகத்தில் பெயிண்ட் இருந்தால் பிரேக் வழுக்கும். மழையில் சுத்தமாகப் பிடிக்காது. ரிம்மை விட்டுவிடுங்கள்.

இப்போது பெயிண்டும் லைட்டும் மோதிக்கொள்ளும் இடம். பழைய டைனமோவிலிருந்து முன் லைட்டுக்கு ஒரு ஒயர்தான் போகும். திரும்பிவரும் பாதை பிரேமின் இரும்பு. டைனமோ கிளாம்பில் இருக்கும் கூரான திருகு பெயிண்டைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொடுவதே அதற்காக. கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வாப்பாவின் ராலேயை வெளியில் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார்.

"அண்ணே, பெயிண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி எரிஞ்சுச்சு. இப்ப எரியவே மாட்டேங்குது."

"கிளாம்பு இருக்கிற எடத்துல சுரண்டுனீங்களா தம்பி?"

"மூணு எடத்துல சுரண்டிப் பாத்துட்டேன். அப்பவும் விட்டு விட்டுத்தான் எரியுது."

சுரண்டிய மூன்று இடத்திலும் துரு எட்டிப் பார்த்தது. மருந்து மிக எளிது: திரும்பிவருவதற்கும் ஒரு தனி ஒயர் போடுங்கள். பிரேமைத் தொடவே வேண்டாம். ஒயரை மறைக்கிறேன் என்று பிரேமில் டிரில் போடாதீர்கள். அந்த ஓட்டை குழாயைப் பலவீனமாக்கும், உப்புக்கும் புது வாசல் திறக்கும். இன்சுலேஷன் டேப்பைக் குழாயில் சுற்றினாலும் அதன் அடியில் உப்புத்தண்ணீர் சிறைப்பட்டு நிற்கும். மெல்லிய டேக் போட்டு, குழாயின் அடிப்பக்கமாக ஒயரைக் கொண்டுபோவது போதும்.

டைனமோ பழசு என்று தூக்கிப் போடாதீர்கள். 6 வோல்ட், 3 வாட், சார்ஜ் போடும் வேலை கிடையாது. அந்தக் காலத்தில் முன்பல்பு போனால் அதன் பங்குக் கரண்டும் பின்பல்புக்குப் பாய்ந்து அதுவும் போகும். எல்.இ.டி. போட்டால் இந்தத் தொல்லை குறையும். டைனமோ கொடுப்பது மாறுமின்னோட்டம் என்பதால் அதை ஒரே திசைக்குத் திருப்ப நாலு டையோடு வைத்த பிரிட்ஜ் ஒன்று நடுவில் வேண்டும், மினுக்கலைக் குறைக்கக் கூடவே ஒரு கெப்பாசிட்டர். டைனமோ தானாகவே அரை ஆம்பியர் அளவுக்குள் நின்றுகொள்ளும். அதைத் தாங்கும் 3 வாட் எல்.இ.டி.யை அலுமினியத் தகட்டில் ஒட்டி மாட்டலாம். சின்ன 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.யை அப்படியே கோத்தால் கருகிவிடும்.

பேட்டரி லைட்டுதான் வேண்டும் என்றால், பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய 18650 லித்தியம் செல்லை வைத்து ஆரம்பிக்காதீர்கள். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். அதைத் தாண்டினாலும், ஒயர் உரசி ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்கும். உப்புத்தண்ணீர் உள்ளே போன செல் உடனே எரிய வேண்டும் என்பதில்லை, ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் ஏறும்போதும் எரியலாம். பென்சில் அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு சேர்த்தால் 4.8 வோல்ட், சைக்கிள் லைட்டுக்குத் தாராளம், பயமும் குறைவு.

லைட்டுக் கூட்டைப் பைபர் படகு ரெசினில் வார்க்கும் பழக்கம் ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. அழகாகத்தான் வருகிறது. ஆனால் படகு கட்டுபவர் கண் பார்த்துக் கை பழகியவர். ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட்டையும் அதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். அந்தக் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். கூட்டை மூட சிலிக்கான் வாங்கும்போது வினிகர் வாடை அடிப்பதைத் தவிருங்கள்; அந்தப் புளிப்பு செம்பு ஒயரை அரிக்கும். எவ்வளவு மூடினாலும் உள்ளே வேர்க்கும், ஆகவே அடியில் ஊசி முனை அளவு ஒரு துளை விடுங்கள். சால்டர் வைத்த இடத்தில் வாசலின் ஒரு தடவல்.

நிறத்தில் விளையாட வேண்டாம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சக்கரத்தில் நீலமும் பச்சையும் மின்னும் சீரியல் லைட்டைப் பார்க்கும் லாரிக்காரருக்கு எதிரில் வருவது என்ன, எந்தப் பக்கம் போகிறது என்றே புரியாது. காருக்குரிய ஒர்க் லைட்டை ஹேண்டில்பாரில் கட்டுவது எதிரே வருபவரைக் குருடாக்கும். முன் லைட்டின் நடு வெளிச்சம் பத்து மீட்டர் தள்ளித் தரையில் விழட்டும். நம் ரோட்டில் விடியற்காலை மீன் லாரி பின்னாலிருந்து 60 கி.மீ. வேகத்தில் வருகிறது, நீங்கள் 15-ல் போகிறீர்கள். இருட்டில் 50 மீட்டர் தூரத்தில்தான் உங்களைப் பார்த்தார் என்றால், இருவருக்கும் நடுவே 4 விநாடிதான். அதில் பாதி அவர் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஆகிவிடும்.

அதனால்தான் இப்போது எல்லாரும் கேட்கும் மேட் கறுப்பை நான் விரும்புவதில்லை. இருட்டில் தெரியாது, சொரசொரப்பில் உப்பும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பின் மட்கார்டின் நுனியில் ஒரு சாண் வெள்ளை, அதன் நடுவில் சிவப்பு ரிப்ளெக்டர் என்பது அந்தக் காலத்துச் சைக்கிளின் அடையாளம். ஒரிஜினல் போலவே வேண்டும் என்று சொல்பவர்கள் ஏனோ அதை மட்டும் அழிக்கச் சொல்கிறார்கள். அதையும், பெடல் கட்டையின் மஞ்சள் ரிப்ளெக்டரையும் விட்டுவைத்தால், பின்பக்க டேஞ்சர் லைட் ஒருநாள் எரியாமல் போனாலும், மேலும் கீழும் ஆடும் அந்த மஞ்சள் மினுக்கலே பின்னால் வருபவருக்கு "இது சைக்கிள்" என்று சொல்லிவிடும்.

பிரேம் நம்பரைப் பட்டி வைத்து மூடாதீர்கள், தேய்க்கவும் தேய்க்காதீர்கள். திருட்டுச் சைக்கிள் இல்லை என்று நிரூபிக்கப் பில் இல்லாத சைக்கிளுக்கு அது ஒன்றுதான் சாட்சி.

வேலைக்கு எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்கு: ஆடியில் கச்சான் காற்று மணலையும் உப்பையும் ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். பங்குனிக்கு வாருங்கள். வரும்போது லைட்டுக்கு வாங்கிய சாமானையும் எடுத்து வாருங்கள். ஒயர் எந்த வழி, கிளாம்பு எந்த இடம் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் உப்புத்தாளையே கையில் எடுப்போம்.