பொயிலர் மாற்ற முன் ஒரு வாளித் தண்ணீர்

லண்டனில் உறைபனி விழத் தொடங்கி இரண்டாம் நாள் காலையிலேயே என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "தம்பி, பொயிலர் செத்துப்போச்சு. புதுசு ஒண்டு போட எவ்வளவு முடியும்?" இங்கே வீட்டுச் சுவரோர ரேடியேற்றர்களையும் குளிக்கும் தண்ணீரையும் காஸில் சூடாக்குவது இந்தப் பொயிலர்தான். காஸ் வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில், "என்ன பழுது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று தொடங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவருக்கு யோசிக்கப் பொறுமை இராது. அந்த அவசரத்தில்தான் தேவையில்லாத வேலைகளுக்கெல்லாம் கையெழுத்து வைக்கப்படுகிறது.

செத்துவிட்டதென்று சொல்லி நான் பார்க்கப்போன பொயிலர்களில் பல சாகவில்லை. உறைபனி நாளில் களகளவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றால் முதலில் வெளிச்சுவரைப் பாருங்கள். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் பூட்டப்பட்ட பொயிலர்கள் அநேகமாக எல்லாமே கொண்டென்சிங் வகை. புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி ஒரு பிளாஸ்ரிக் குழாயால் வெளியே விடும். அந்தக் குழாய் உறைந்து அடைத்தால் பொயிலர் தானாகவே நின்றுவிடும். குழாயின் மேல் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி (கொதிதண்ணீர் வேண்டாம், குழாய் வெடிக்கும்) ரீசெற் பொத்தானை அழுத்தினால் பல வீடுகளில் வேலை முடிந்தது.

முகப்பில் உள்ள அழுத்தமானி 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பொயிலர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை நிரப்பலாம். நிரப்பியபின் சூடேற ஏற முள் 3-ஐத் தொட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக்குழாயால் தண்ணீர் சொட்டி, ஆறியதும் பூச்சியத்துக்கு வருகிறதா? சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் விடவென்று உள்ளே இருக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்றுப் போய்விட்டது. அதற்கு நாங்கள் காற்றடிப்பது கிட்டத்தட்டச் சைக்கிள் பம்பால்தான். குளிக்கும்போது தண்ணீர் ஒரு நிமிடம் கொதித்து அடுத்த நிமிடம் பச்சைத்தண்ணியாக வந்தால், கொம்பி பொயிலருக்குள் (தண்ணீரைச் சேமிக்காமல் உடனுக்குடன் சூடாக்கும் வகை) இருக்கும் சின்னத் தட்டு வெப்பமாற்றியில் சுண்ணாம்பு அடைத்திருக்கும். லண்டன் தண்ணீர் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்குத் தம்பி முறை. கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். இவையெல்லாம் பாகம் மாற்றுகிற அல்லது துப்புரவாக்குகிற வேலைகள். பொயிலர் மாற்றுகிற வேலையல்ல.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? பிரதான வெப்பமாற்றி வெடித்து ஒழுகினால், பாகங்கள் கடையில் வராமல் நின்றுவிட்டால், பதினைந்து வயது தாண்டிய பொயிலருக்குத் திருத்தச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால். கடைசியாகச் சொன்னது என் சொந்தக் கணக்கு, எந்தச் சட்டத்திலும் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின மாரியில் ஹரோவில் ஓர் அக்காவின் வீடு. பொயிலருக்குப் பதினெட்டு வயது, வெப்பமாற்றி ஒழுகி அடித்தட்டெல்லாம் துரு. மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. கையில் மூன்று விலைத்தாள்கள் வைத்திருந்தார். ஒன்று 1,900 பவுண், காசாகக் கொடுத்தால் மட்டும். இன்னொன்று 2,700. மூன்றாவது 3,900. மூன்றுமே சுடுதண்ணீர் சேமிக்கும் பழைய சிலிண்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொம்பி போடுவதற்கு. 3,900 கேட்டவர் 35 கிலோவாற் கொம்பி எழுதியிருந்தார். "பெரிசு எண்டா நல்லதுதானே தம்பி, பக்கத்து வீட்டிலயும் அதுதான் போட்டவை."

நான் குசினியிலிருந்து ஒரு வாளியும் அளவுச்சாடியும் கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு. குசினியின் பச்சைத்தண்ணிப் பைப்பை முழுதாகத் திறந்து சரியாக ஒரு நிமிடம் பிடித்து அளந்தோம். ஒன்பது லீற்றர்.

கொம்பி தண்ணீரைச் சேமித்து வைப்பதில்லை. பைப்பைத் திறக்கத் திறக்க, தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீரை ஓடும்போதே சூடாக்கித் தருகிறது. தண்ணீரை 35 பாகை உயர்த்த வேண்டுமென்று வைத்துக்கொண்டால் 24 கிலோவாற் நிமிடத்துக்குப் பத்து லீற்றரளவு தரும். 30 கிலோவாற் பன்னிரண்டு சொச்சம், 35 கிலோவாற் பதினான்கு. தெருக்குழாயே ஒன்பதுதான் தரும் வீட்டில் 35 கிலோவாற் போட்டால் மிச்ச ஐந்து லீற்றரை எங்கிருந்து எடுப்பது? அந்தப் பெரிய பொயிலருக்குக் காசு கொடுத்து, அது கேட்கும் காஸுக்காக மீற்றரிலிருந்து 22 மில்லிமீற்றர் செப்புக்குழாய் புதிதாக இழுத்து, கடைசியில் கிடைப்பது அதே ஒன்பது லீற்றர். பழைய 15 மில்லிமீற்றர் குழாயிலேயே கொழுவிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மீற்றருக்கும் பொயிலருக்கும் இடையில் காஸ் அழுத்தம் ஒரு மில்லிபாருக்கு மேல் விழக்கூடாது என்பது விதி. அதை அளக்காமல் போனால் பொயிலர் காலமெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ரேடியேற்றர்களுக்காவது பெரிசு வேண்டாமா என்று கேட்பார்கள். மூன்று அறை ரெறஸ் வீடு ஒன்றைக் கடுங்குளிரில் சூடாக வைத்திருக்கப் பெரும்பாலும் பத்துக் கிலோவாற்றுக்குள் போதும். கிலோவாற் எண் கூடுவது சுடுதண்ணீருக்காகத்தான். ஆகவே விலை கேட்கும்போது கூடியது எவ்வளவு என்பதோடு, எவ்வளவுக்குக் குறைந்து எரியும் என்றும் கேளுங்கள். ஏழெட்டுக் கிலோவாற்றுக்குக் கீழே இறங்கமாட்டாத பொயிலர் பங்குனி மாதத்து இளங்குளிரில் பற்றி நின்று, பற்றி நின்று, காஸையும் தின்று தன்னையும் தேய்க்கும். இரண்டு மூன்றுக்கு இறங்கக்கூடியது அமைதியாக எரிந்துகொண்டிருக்கும்.

அந்த வீட்டில் மாமியாரும் சேர்த்து ஆறு பேர், இரண்டு குளியலறை, காலை ஏழு மணிக்கு எல்லோரும் குளிக்க வேண்டும். விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்கள் வேறு. இப்படியான வீட்டுக்குச் சிலிண்டர்தான் சரி. ஒழுகாத சிலிண்டரைக் கழற்றி எறியக் காசு கொடுப்பது எனக்கு விளங்குவதில்லை. அதில் கரண்டில் வேலைசெய்யும் இம்மேர்ஷன் ஹீற்றர் இருக்கிறது. பொயிலர் படுத்தாலும் குளிக்கச் சுடுதண்ணீர் வரும். கொம்பி படுத்தால் கேத்தில்தான். சிலிண்டரை வைத்துக்கொண்டு 18 கிலோவாற் ஹீற்-ஒன்லி பொயிலர் (சிலிண்டரோடு சேர்ந்து ஓடும் வகை) ஒன்று, உள்ளே கழுவல், காந்த ஃபில்ரர், தெர்மோஸ்ராற், எல்லாம் சேர்த்து 2,400 பவுணுக்குள் முடிந்தது. ஒன்றிரண்டு பேர் இருக்கும் பிளாற்றுக்குக் கொம்பியையே நானும் சொல்லுவேன், அது வேறு கதை.

அந்த 2,400-ல் கழுவலுக்கு மட்டும் சில நூறு போனது. அக்காவின் கணவர் அதில்தான் பேரம் பேசினார். "புது பொயிலர்தானே தம்பி, பிறகேன் கழுவுவான்?" நான் ஒரு ரேடியேற்றரைக் கழற்றிப் பின்வளவுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துக் காட்டினேன். கறுப்புச் சேறு. இரும்பு ரேடியேற்றர் உள்ளே துருப்பிடித்துத் தண்ணீரோடு கலந்தால் மக்னரைற் என்கிற இந்தக் கறுப்பு வரும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். ரேடியேற்றரின் மேல்பக்கம் குளிர்ந்திருந்தால் காற்று, திறப்பால் திறந்து விட்டால் சரி. அடிப்பக்க நடு குளிர்ந்திருந்தால் அது இந்தச் சேறு. புதிய பொயிலரின் வெப்பமாற்றியில் தண்ணீர் போகும் வழி பழையதைவிட ஒடுக்கமானது. பதினெட்டு வருடச் சேற்றை அதற்குள் விட்டால் இரண்டு மாரி தாங்குவதே அருமை. அப்போது வோறன்ரியைத் தூக்கிக்கொண்டு கொம்பனிக்கு அழைத்தால், அவர்கள் அனுப்பும் ஆள் முதலில் தண்ணீரைத்தான் ஒரு போத்தலில் எடுத்துப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் வோறன்ரி செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். கழுவியபின் துருப்பிடிக்காமல் இன்ஹிபிற்றர் மருந்து விடவேண்டும். ஃபில்ரர் நூறு பவுண் வரும். பொயிலரின் மார்க்கில், அதாவது கொம்பனிப் பெயரில், காசைக் குறைத்தாவது இதில் போடுங்கள்.

மார்க் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் கட்டையானது. வூஸ்ரர் போஷ், வைலண்ட், ஐடியல், பக்ஸி, வீஸ்மன் எல்லாமே ஓடும், பூட்டியவர் ஒழுங்கானவராக இருந்தால். கை கடித்தால் குளோவேர்ம் பாருங்கள், அது வைலண்டின் குடும்பம். பொற்றேர்ட்டனும் மெயினும் பக்ஸியின் வீட்டுப் பிள்ளைகள். பத்து வருட வோறன்ரி என்று பெரிதாக எழுதியிருந்தால் கீழே சின்ன எழுத்தையும் வாசியுங்கள். வருடாவருடம் சேர்விஸ் செய்து புத்தகத்தில் பதிந்திருந்தால்தான் அது நிற்கும்.

இனி அந்த 1,900 பவுண் தாள். அதில் கழுவல் இல்லை, ஃபில்ரர் இல்லை, கேட்டபோது பதிவு அட்டையும் இல்லை. "எங்கட ஆள்தான், ஊரில பக்கத்து வீடு" என்றார் அக்கா. பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் காஸ் பொயிலர் பூட்ட காஸ் சேஃப் பதிவு வேண்டும். 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவின் இடத்துக்கு வந்த பதிவு அது. அட்டையில் படமும் ஏழு இலக்க எண்ணும் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்கு அனுமதி, எப்போது முடிகிறது என்று பின்பக்கத்தில்தான் போட்டிருக்கும். அடுப்புப் பூட்ட அனுமதி உள்ளவர் எல்லோருக்கும் பொயிலர் பூட்ட அனுமதி இராது. 0800 408 5500-க்கு அழைத்து எண்ணைச் சொன்னால் சரிபார்த்துச் சொல்வார்கள். என்னையும் சரிபாருங்கள், நான் கோவிக்கமாட்டேன்.

பதிவுள்ளவர் பூட்டினால் கட்டட ஒழுங்குவிதிச் சான்றிதழ் தபாலில் வீட்டுக்கு வரும். அதைப் பாதுகாக்காமல் விட்டவர்கள், அல்லது அது வராமலே போனவர்கள், வீடு விற்கும்போது வக்கீல் கேட்கையில் என்னிடம் ஓடி வருகிறார்கள். வேறொருவர் பூட்டியதற்கு நான் சான்றிதழ் எடுத்துத் தர முடியாது.

எங்கள் ஆட்களின் வீடுகளில் மட்டும் நான் அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மீன் பொரிக்க, கறித்தூள் வறுக்க என்று பின்சுவரோடு ஒரு கொட்டில் இறக்கிக் குசினி போடுவது. நல்ல யோசனைதான், வீட்டுக்குள் மணமிராது. ஆனால் பொயிலரின் புகைக்குழாய் அந்தச் சுவரில்தான் இருக்கும். கொட்டிலுக்குக் கூரையும் கதவும் வந்தபிறகு புகை போக வழியில்லை, காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு அங்கேயே சுற்றும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டில் அந்தக் கொட்டிலுக்குள் தாத்தாவின் கட்டிலும் கிடந்தது. நான் அன்றே பொயிலரை நிறுத்திவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பொயிலர் மாற்றும்போதே புகைக்குழாயையும் இடம் மாற்றக் கணக்குப் போடுங்கள். இருபது பவுண் சொச்சத்துக்கு ஒரு காபன் மொனொக்சைட் அலாரமும் வாங்குங்கள். காஸ் மணந்தால் எனக்கு அழைக்காதீர்கள், 0800 111 999-க்கு அழையுங்கள், எந்த நேரமும் இலவசமாக வருவார்கள்.

மாதக் கட்டணம் பற்றி. 2,800 பவுண் பொயிலரை 10.9 வீத வட்டியில் பத்து வருடத்துக்குக் கட்டினால் மாதம் 38 பவுணுக்குள்தான், கேட்க இனிக்கும். கூட்டிப் பார்த்தால் 4,500-க்கு மேல். கையில் காசில்லாமல் மாரியில் மாட்டிக்கொண்டால் வேறு வழியில்லைதான். பழையது தள்ளாடுகிறதென்று தெரிந்தால் வைகாசி ஆனியில் மாற்றிவிடுங்கள். எங்களுக்கும் வேலை குறைந்த காலம், விலையில் இறங்கி வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொயிலருக்குப் பதிலாக ஹீற் பம்ப் (வெளியிலுள்ள சூட்டைக் கரண்டால் வீட்டுக்குள் இழுக்கும் இயந்திரம்) போட அரசாங்கம் 7,500 பவுண் உதவி தருகிறது. வெளியே இடமும் உள்ளே சிலிண்டருக்கு இடமும் இருந்தால் அதற்கும் ஒரு விலை கேட்டு வையுங்கள்.

பூட்டி முடிந்தபின் பலர் தொடாமல் விடுவது பொயிலரின் வெப்பநிலைத் திருகு. அநேகமாக 75, 80-ல் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ரேடியேற்றரிலிருந்து திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் கொண்டென்சிங் பொயிலர் புகையின் சூட்டை மீட்டெடுக்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அதற்குத்தான். கொம்பியில் ரேடியேற்றர் திருகை 60-க்கு இறக்கிப் பாருங்கள். சிலிண்டர் வீட்டில் சேமித்த தண்ணீர் 60 பாகைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் லீஜியனெல்லாக் கிருமி வளரும். அதனால் அங்கே 65, 70-க்குக் கீழே போகவேண்டாம்.

அடுத்த மாரிக்கு முன் ஹரோ அக்கா வீட்டுக்குச் சேர்விஸ் செய்யப் போனேன். பொயிலர் அலுமாரிக்குள் இருபது கிலோ சம்பா மூட்டை இரண்டு, மேலே கற்பூரப் பெட்டியோடு பிள்ளையார் படம். எல்லாவற்றையும் வெளியே தூக்கி வைத்துவிட்டு ஃபில்ரரைக் கழற்றினேன். அவ்வளவு கழுவியும் காந்தத்தில் ஒரு தேக்கரண்டியளவு கறுப்பு ஒட்டியிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைத் துண்டுக் கடுதாசியில் வழித்து எடுத்து, மாமியாருக்குக் காட்டக் கொண்டு போனார்.