இன்காக்னிட்டோ போட்டா டிக்கெட் விலை குறையாதுங்க

குன்னூர்ல சின்னதா ஒரு டிராவல்ஸ் வச்சிருக்கேன், பிளைட் டிக்கெட், விசா, டாக்ஸி எல்லாம் பாக்கறோம். இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், போன வாரம் வந்த குடும்பத்த பார்த்ததுக்கு அப்புறம் பொறுக்க முடியல. கோத்தகிரி பக்கம் பேக்கரி வச்சிருக்கறவங்க, புருசன் பொண்டாட்டி, ரெண்டு பசங்க, முதல் வெளிநாட்டு டூர், சிங்கப்பூர். இன்காக்னிட்டோல, அதாவது ஹிஸ்டரிய பதிஞ்சு வைக்காத பிரவுசர் ஜன்னல்ல, தேடுனா டிக்கெட் கம்மின்னு வாட்ஸப்ல யாரோ அனுப்புன வீடியோவ பார்த்துட்டு வாரக்கணக்கா தினம் ராத்திரி அத தொறந்து விலை பார்த்திருக்காங்க, அது பாட்டுக்கு ஏறிட்டே போயிருக்கு, கடைசியில கோயம்புத்தூர வுட்டுட்டு பெங்களூர்ல இருந்து காலைல போற பிளைட் தலைக்கு 1,800 ரூபா கம்மின்னு அவங்களே போன்ல போட்டுட்டாங்க. சாயங்காலம் கடைய சாத்திட்டு கெளம்பி கர்நாடகா எல்லையில இருக்கற கக்கநல்லா செக்போஸ்ட் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. கேட்ட போட்டாச்சு.

பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும், 2009ல கர்நாடகா போட்ட தடை, மலையில பொறந்து வளர்ந்தவங்களுக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். விலைய பார்த்த கண்ணுக்கு ரோடு தெரியல, அவ்ளோதான். திரும்பி மலை இறங்கி, திம்பம் காட்டு ரோட்டுலயும் ராத்திரி கட்டுப்பாடுன்னு சேலம், கிருஷ்ணகிரின்னு சுத்தி, பெங்களூர் ஏர்போர்ட் இருக்கற தேவனஹள்ளி போய்ச் சேர்றதுக்குள்ள பிளைட் போயிருச்சு. என்கிட்ட வந்தது ரீஃபண்ட் வாங்கித் தர முடியுமான்னு கேக்க.

சரி, இந்த இன்காக்னிட்டோ கதைக்கு வர்றேன். கடைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேர் இதைத்தான் சொல்றாங்க, "அண்ணா, நாம தேடறத கம்பெனிக்காரன் பாத்துட்டு விலைய ஏத்தறான், ஹிஸ்டரிய அழிச்சுட்டு பாருங்க". உங்க போனுக்குள்ள அவனுக்கு ஒரு வேலையும் இல்லீங்க. ஒரு பிளைட்ல கணக்குக்கு 180 சீட்டு இருக்குன்னு வைங்க, எல்லாம் ஒரே எகானமிதான், ஒரே மாதிரி சீட்டுதான், ஆனா விக்கும்போது அத பல கட்டா பிரிச்சு வச்சிருப்பாங்க, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எழுத்து, ஒரு விலை. எங்க ஸ்கிரீன்ல அந்த எழுத்தும் பக்கத்துல எத்தனை சீட்டு மிச்சம்னும் தெரியும், உங்களுக்குத் தெரியாது, அதனாலதான் இத்தனை சந்தேகம். கம்மி விலைக் கட்டு தீர்ந்தா அடுத்த கட்டு தொறக்கும். நேத்து 5,200, இன்னைக்கு 6,100ன்னா நடுவுல வேற யாரோ வாங்கிட்டாங்கன்னு அர்த்தம், இல்லைன்னா தேதி கிட்ட வந்துருச்சுன்னு கம்பெனிக்காரன் அந்தக் கட்டையே மூடிட்டான்.

"இல்லண்ணா, நான் அழிச்சுட்டு பார்த்தேன், நெசமாவே கொறஞ்சுது" அப்படீம்பாங்க. கொறஞ்சிருக்கும். யாரோ புடிச்சு வச்ச சீட்டுக்கு காசு கட்டாம விட்டிருப்பாங்க, இல்ல கேன்சல் பண்ணியிருப்பாங்க, அந்த சீட்டு பழைய கட்டுக்குத் திரும்பி வந்திருக்கும், அந்த நேரம் பார்த்து நீங்க ஹிஸ்டரிய அழிச்சிருப்பீங்க, பேரு இன்காக்னிட்டோவுக்கு. இன்னொண்ணு, விலைய ஒப்பிட்டுக் காட்டற சைட்டுங்க பல நேரம் கொஞ்சம் முன்னாடி எடுத்து வச்ச விலையத்தான் காட்டும், நீங்க உள்ள போனாத்தான் இப்பத்த விலை வரும், அத பார்த்துட்டு "நான் தொட்டதும் ஏத்திட்டான்"னு சொல்றீங்க. செவ்வாய்க்கிழமை நடுராத்திரி புக் பண்ணா கம்மிங்கறதும் இதே ரகம்தான், தூங்குங்க.

இதுல ஒரு வேடிக்கை. மே மாசம் 1,500 ரூபா ரூம 5,000க்கு விடற காட்டேஜ் ஓனரே என்கிட்ட வந்து "என்னங்க டிக்கெட் இப்படி ஏறுது, இதெல்லாம் கேக்க ஆளில்லையா"ன்னு கோவப்படறார். உங்க ரூமும் அந்த சீட்டும் ஒண்ணுதான் சார், எல்லாரும் கேக்கற அன்னைக்கு ஏறும்.

இந்தக் கட்டு சமாச்சாரத்துல உங்களுக்கு உபயோகமான விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். நாலு பேருக்குன்னு சேர்த்துத் தேடும்போது கம்மி விலைக் கட்டுல ரெண்டு சீட்டுதான் மிச்சம்னா பெரும்பாலும் நாலு பேருக்குமே அடுத்த கட்டு விலையத்தான் காட்டும். அதனால மொதல்ல ஒருத்தருக்குத் தேடிப் பாருங்க, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு. வித்தியாசம் தெரிஞ்சா ரெண்டு ரெண்டா போட்டுக்கலாம். ஆனா பிஎன்ஆர், அதான் புக்கிங் நம்பர், தனித்தனியாயிடும், சின்னக் குழந்தைய தனி பிஎன்ஆர்ல மட்டும் விட்டுறாதீங்க.

விலைய நெசமா கொறைக்கறது தேதிதாங்க. வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்பறதுக்கும், செவ்வா புதன்ல போய்ட்டு வர்றதுக்கும் பல சமயம் ஒரு டிக்கெட் காசே மிஞ்சும். கூகுள் ஃபிளைட்ஸ்ல, ஸ்கைஸ்கேனர்ல மாசம் முழுக்க காலண்டர் மாதிரி விலை காட்டும், அத பார்த்து தேதிய முடிவு பண்ணுங்க, விலை கொறஞ்சா மெயில் வர்ற மாதிரி அலர்ட் வச்சுட்டு வேற வேலைய பாருங்க. இதுல நமக்கு கீழ இருக்கறவங்கள விட வசதி அதிகம். ஏப்ரல் மே சீசன்ல நம்மாளுங்க பாதிப் பேருக்கு இங்க வேலை தலைக்கு மேல, ஜூன் பாதிக்கு மேல மழை புடிச்சுட்டா மலையே காலி, கூட்டம் எல்லாம் லீவு முடிஞ்சு இறங்கியிருக்கும், அப்ப போறவங்களுக்கு டிக்கெட்டும் எறங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சிருக்கறவங்க பாவம், அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், கிறிஸ்மஸுக்கும் மே மாசத்துக்கும் கடைசி மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, தேதி உறுதியான அன்னைக்கே வாங்கிருங்க.

கூடலூர், பந்தலூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு கோழிக்கோடுதான் கிட்ட. வளைகுடாவுல ஜூலை ஆகஸ்ட் பள்ளி லீவு, அங்கிருந்து குடும்பம் குடும்பமா ஊருக்கு வருவாங்க, ஆகஸ்ட் கடைசியில திரும்புவாங்க. கூட்டம் இந்தப் பக்கம் வரும்போது நீங்க அந்தப் பக்கம் போனா விலை கம்மி. துபாய்ல இருக்கற தம்பி வீட்டுக்கு ஜூலை ஆரம்பத்துல போய்ட்டு ஆகஸ்ட் பாதிக்குள்ள வந்துருங்க, ஆகஸ்ட் கடைசியில போறேன்னு நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வெயிலுக்கு நான் பொறுப்பில்ல.

இப்ப அந்த 1,800 ரூபாய்க்கு வருவோம். நாலு பேருக்கு 7,200 மிச்சம். அதுக்கு கோத்தகிரியில இருந்து தேவனஹள்ளிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல டாக்ஸி, வண்டி காலியா திரும்பற காசு, டிரைவர் பேட்டா, கர்நாடகா பெர்மிட், டோல், முந்தின நாளே போய்த் தங்கினா ரூம் வாடகை. கூட்டிப் பார்த்தா மிச்சம் எங்க போச்சு? கோயம்புத்தூர்ல இருந்தே சிங்கப்பூருக்கு நேரா பிளைட் இருக்கு. பெங்களூரு, கொச்சி, திருச்சி எல்லாம் பாக்கவே கூடாதுன்னு சொல்லல, பல நாள் லாபமும் இருக்கும், வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கூட்டிட்டு அப்புறம் பட்டன அமுக்குங்க. சீசன்ல ஏற்றம் பர்லியார் வழி, இறக்கம் கோத்தகிரி வழின்னு ஒருவழியா மாத்துவாங்க, அக்டோபர் நவம்பர்ல மண்ணு சரிஞ்சு ரோடே நிக்கும், அதனால விடியக்கால பிளைட்டுன்னா முந்தின நாளே மலை இறங்கிருங்க. தயவு செஞ்சு.

அதே மாதிரி லக்கேஜ். உள்நாட்டுல சாதாரணமா 15 கிலோ சேர்த்தே குடுத்துருவாங்க, ஆனா ஸ்கூட், ஏர் ஏசியா மாதிரி கம்பெனிகள்ல ஆகக் கம்மி விலைல கைப்பை மட்டும்தான், பெட்டிக்கு தனிக் காசு. புக் பண்ணும்போதே வாங்கினா கம்மி, கவுன்டர்ல போய் நின்னா தீட்டிருவாங்க. இன்னொரு வில்லங்கம், வேற வேற கம்பெனில தனித்தனி டிக்கெட் போட்டு நடுவுல மாறிப் போறது. மொத பிளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்காரன் உங்களுக்காக நிக்க மாட்டான், காசும் தர மாட்டான். பெட்டிய எடுத்து மறுபடி போட வெளிய வரணும், சிங்கப்பூர்ல அதுக்கு விசா வேணும். பாங்காக்ல ஏர்போர்ட்டே ரெண்டு, டான் முவாங் ஒரு மூலை, சுவர்ணபூமி இன்னொரு மூலை, டிக்கெட்ல எதுன்னு படிச்சீங்களா?

வெலிங்டன் பக்கம் இருக்கற ராணுவக் குடும்பங்க, ரிட்டயர்டு ஆனவங்க, 60 தாண்டினவங்க, காலேஜ் பசங்க, உங்களுக்கெல்லாம் உள்நாட்டு பிளைட்ல தனி விலை உண்டு, ஏர்லைன் சைட்லயே தேர்ந்தெடுக்கணும், அடையாள அட்டை கைல இருக்கணும். சில நாள் சாதாரண விலையே அதைவிட கம்மியா இருக்கும், ரெண்டையும் பாருங்க.

காசு கட்டற பக்கத்துல கண்ணத் தொறந்து பாருங்க. இன்சூரன்ஸ், சீட்டு, நன்கொடைன்னு தானா டிக் ஆகியிருக்கும், எடுத்து விடுங்க, இப்படி கேக்காம சேர்க்கறத 2023லயே தடை பண்ணியாச்சு, இருந்தாலும் பாத்துக்கங்க.

ரீஃபண்ட் விஷயம். ரீஃபண்ட் கிடையாதுன்னு போட்ட டிக்கெட்டா இருந்தாலும், பிளைட்டுக்கே போகாம விட்டிருந்தாலும், அதுல இருக்கற வரியும் ஏர்போர்ட் கட்டணமும் திருப்பித் தரணும்னு விமானக் கம்பெனிகள கண்காணிக்கற டிஜிசிஏவோட விதி இருக்கு, கேக்காம விடாதீங்க. பேக்கரிக்காரருக்கும் அவ்ளோதான் வரும்னு சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். கேக்கறதுக்கு கஸ்டமர் கேர் நம்பர கூகுள்ல தேடி மொதல்ல வர்றதுக்கு போன் போட்டுறாதீங்க, அதுல திருட்டு நம்பரும் இருக்கும், "ரீஃபண்ட் போடறேன், இந்த ஆப்ப இறக்குங்க"ம்பான். நம்பர ஏர்லைன் ஆப்புக்குள்ள இருந்து மட்டும் எடுங்க, காசு போயிருச்சுன்னா அழுதுட்டு கடைக்கு வராம ஒடனே சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்கு அடிங்க.