போலீஸ் செலக்‌ஷன்ல நெஞ்சு ஏன் 5 சென்டிமீட்டர் விரியணும்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துற ரெண்டாம் நிலை காவலர் தேர்வுல எழுத்துத் தேர்வு பாஸ் ஆனா அடுத்து கிரவுண்டுக்கு கூப்பிடுவாங்க. ஆம்பளைங்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், எஸ்சி எஸ்டிக்கு 167. நெஞ்சளவு சாதாரணமா 81, மூச்ச இழுத்து விரிச்சா 86 வரணும். இது போக 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடணும், கயிறு ஏறணும், தாண்டணும். இதுல ஒவ்வொரு டெஸ்ட்டும் உடம்புல எத அளக்குதுன்னு யோசிச்சு பாத்தா செம்ம காமெடி, ஒண்ணுல பாஸ் ஆகுற உடம்புவாகு இன்னொண்ணுல நம்மள இழுத்து விடும்.

முதல்ல நெஞ்சு. நாம சும்மா உக்காந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காத்துதான் உள்ள போகுது, அந்த வேலைய பெரும்பாலும் நுரையீரலுக்கு கீழ இருக்குற உதரவிதானங்கிற தசையே பாத்துக்கும், விலா எலும்பு பெருசா அசையாது. தம் கட்டி முழுசா இழுக்கும்போதுதான் விலா எலும்புக்கு நடுவுல இருக்குற தசைங்க சுருங்கி எலும்ப மேலயும் வெளியவும் தூக்கும், டேப்ல ஏறுற அந்த 5 சென்டிமீட்டர் இதுதான். அதாவது டேப் அளக்குறது நெஞ்சுக்கூடு எவ்வளவு அசையுதுங்கிறத, உள்ள போன காத்த இல்ல. வயித்தால மூச்சு விட்டு பழகினவனுக்கு நல்ல நுரையீரல் இருந்தும் டேப் நகராம போகலாம், கொஞ்ச நாள் பழகினா அதே ஆளுக்கு ஏறிடும், நுரையீரல் என்னமோ அதே சைஸ்லதான் இருக்கும். இன்னிக்கும் டாக்டருங்க இந்த டேப்ப எடுப்பாங்க, ஆனா முதுகெலும்பு இறுகிப்போற ஒரு வகை வாதத்த கண்டுபிடிக்க.

உயரத்துக்கு கொஞ்சம் நியாயம் இருக்கு. லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸ் 1829ல ஆரம்பிச்சப்போ 5 அடி 7 அங்குலம் இருக்கணும், வயசு 35க்குள்ள இருக்கணும்னு ரூல் வச்சாங்க. (அதுல ஒண்ணாம் நம்பர் கான்ஸ்டபிள் முதல் நாளே தண்ணியடிச்சு வேலை போச்சு, உயரம் எல்லாத்தையும் சொல்லிடாதுல்ல.) அப்புறம் 1846ல ஜான் ஹட்சின்சன்னு ஒரு டாக்டர் ஸ்பைரோமீட்டர்னு ஒரு கருவி செஞ்சு ரெண்டாயிரத்துக்கும் மேல ஆளுங்கள ஊத வச்சு பாத்தாரு, அதுல லண்டன் போலீஸ்காரங்களும் உண்டு. உயரம் ஒரு அங்குலம் கூடினா ஊதுற காத்து 8 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 130 மில்லி கூடுதுன்னு கண்டுபிடிச்சாரு. காசநோய் ஊரையே அரிச்ச காலம் அது, அதனால அந்த உயரத்துக்கு வர வேண்டிய காத்து வரலைன்னா நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு முன்கூட்டியே சந்தேகப்பட முடிஞ்சுது.

சரி, அப்ப நெட்டையா இருந்து பெரிய நுரையீரல் இருந்தா 1500 ஓடிடலாமான்னா, அங்கதான் விஷயமே இருக்கு. 7 நிமிஷம்னா 400 மீட்டர் ரவுண்டு ஒண்ணு 1 நிமிஷம் 52 செகண்டு. அந்த ஸ்பீடுக்கு ஒரு கிலோ உடம்புக்கு நிமிஷத்துக்கு சுமார் 46 மில்லி ஆக்சிஜன் வேணும், 70 கிலோ ஆளுக்கு 3 லிட்டருக்கு மேல வருது. ஆரோக்கியமான ஆளுக்கு நுரையீரல் இத தாராளமா கொடுக்கும், தடங்கல் அங்க இல்ல, இதயத்துல. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுற இதயம் முழு ஓட்டத்துல 20 லிட்டர், நல்லா பழகினவங்களுக்கு அதுக்கும் மேல தள்ளணும். தினமும் ஓடினா ரத்தத்தோட அளவு கூடும், ஒரு துடிப்புக்கு தள்ளுற அளவு கூடும், தசைக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய் கூடும், நுரையீரல் மட்டும் பெருசா வளராது. ஆக கிரவுண்டுல காலைல ஓடுற பசங்க நெஜமா வளக்குறது இதயத்த.

கயிறு வந்தா கதை தலைகீழ். தசையோட பலம் அதோட குறுக்குவெட்டு பரப்ப பொறுத்தது, எடையோ கன அளவ பொறுத்தது. அதனால ஒரே உடம்புவாகுல ஒருத்தர் 10 சதவீதம் பெருசா இருந்தா பலம் 21 சதவீதம் கூடும், எடை 33 சதவீதம் கூடும், தன் எடைய தானே தூக்குற வேலைல பெரிய ஆளுக்கு நஷ்டம்தான். கயித்துல சர்ருன்னு ஏறுறவங்க பெரும்பாலும் கட்டுமஸ்தான சின்ன உடம்புக்காரங்களா இருக்குறது இதனாலதான், அதுல சில பேரு 169ல நின்னு கயிற தொடாமயே வீட்டுக்கு போயிருப்பாங்க. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாத்தான் படுது.

பிரிட்டன்ல 1990ல உயர விதிய எடுத்துட்டாங்க. இப்ப 15 மீட்டர் தூரத்த பீப் சத்தத்துக்கு ஏத்தபடி போயி போயி திரும்பணும், சத்தம் வேகமாகிட்டே போகும், 5.4 லெவல் வரைக்கும் தாங்கணும், ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே அளவு. மூணரை நிமிஷ வேலைதான், நம்ம 1500 ஓட்டத்தோட பாத்தா ஈஸி. ஆனா வேலைல சேந்த பிறகும் வருஷா வருஷம் ஓடணும், அதுக்கு காரணம் இருக்கு. 1966ல அமெரிக்காவுல டல்லாஸ்ல 20 வயசு பசங்க 5 பேர மூணு வாரம் படுக்கைலயே வச்சாங்க, அவங்க உடம்பு உச்சத்துல ஆக்சிஜன் எடுத்துக்குற திறன் கால் பங்குக்கும் மேல விழுந்துச்சு. 30 வருஷம் கழிச்சு அதே 5 பேர திரும்ப கூப்பிட்டு டெஸ்ட் பண்ணப்போ, அந்த 30 வருஷ வயசு பண்ணின சேதாரத்த விட அந்த மூணு வாரம் பண்ணினது அதிகமா இருந்துச்சு.