கதிரை உரிக்காமல் மூட்டைக் கணக்குச் சொல்லாதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகிறது. "சார், மாவுக்குப் பத்து மூட்டை தேறுமா?" மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, மூட்டை நூறு கிலோ. கேட்கிறவர் அநேகமாக வரப்பில் நின்றுகொண்டிருப்பார், பக்கத்தில் வியாபாரி இருப்பார், மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் பச்சையாக நிற்கும், ஒரு தொகையைச் சொல்லி மொத்தமாகப் பேசி முடித்துவிடலாமா என்ற அவசரம் குரலிலேயே தெரியும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உள்ளே போய் எத்தனை கதிரை உரித்துப் பார்த்தீர்கள்?

நெல்லை வரப்பிலிருந்து பார்த்தே சொல்லிவிடும் பெரியவர்கள் நம் டெல்டாவில் இருக்கிறார்கள். கதிர் வெளியே தெரிகிறது, தலை சாய்ந்திருக்கிறதா, பதர் எவ்வளவு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடலாம். மக்காச்சோளத்தில் அது நடக்காது. மணி முழுக்க மட்டைக்குள் மூடிக் கிடக்கிறது. வெளியே தெரிவது தோகையும் தண்டும்தான், மாட்டுத் தீவனமாக விற்பதென்றால் அதைப் பார்த்து விலை சொல்லலாம். போதாததற்கு, ஓரத்து இரண்டு வரிசைக்கு வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அதனால் ஓரம் எப்போதுமே நடுவயலைவிட அழகாக இருக்கும். டிரோன் படமும் செயற்கைக்கோள் படமும் இதே கதைதான், மேலே இருந்து பச்சையைக் காட்டும், மணி பிடித்ததா என்று காட்டாது.

சரி, எப்படி எண்ணுவது?

ஒரு ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து எண்ணினால் போதும், அதாவது சுமார் 4 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விட்டு நட்டிருந்தால், ஒரு வரிசையில் 6 மீட்டர் 75 செ.மீ. நீளம் அளந்தால் அந்தப் பங்கு வந்துவிடும், கிட்டத்தட்ட 22 அடி. 45 செ.மீ. இடைவெளி என்றால் 9 மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள், டேப்பைத் தோகைக்குள் இழுத்துக்கொண்டு போனால் கையெல்லாம் கீறும். கயிற்று நீளத்துக்குள் இருக்கும் கதிர்களை எண்ணுங்கள். செடியை அல்ல, மணி பிடித்த கதிரை. நெல்லறுத்த களிமண்ணில் முளைப்பு ஒரே சீராக வராது, பிந்தி முளைத்த செடி முந்தி முளைத்ததன் நிழலிலேயே நின்று கடைசியில் விரல் தடிமனில் ஒரு கதிரைக் காட்டிக்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் அதே கயிற்று நீளத்தில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது கதிர் என்று வரிசைப்படி உரியுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை தவறான கதிருக்குப் போகிறது, கொழுத்ததைத்தான் ஒடிக்கத் தோன்றும். ஐந்தாவது நோஞ்சானாக இருந்தாலும் அதையேதான் உரிக்க வேண்டும்.

உரித்த கதிரில் முதலில் சுற்றி எத்தனை வரிசை என்று பாருங்கள். 12, 14, 16 என்று எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும், கதிர் உருவாகும்போதே மணிக்கான இடம் ஜோடி ஜோடியாக அமைவதால் அப்படி. 13 வருகிறது என்றால் திரும்ப எண்ணுங்கள். பிறகு ஒரு வரிசையில் அடியிலிருந்து நுனிவரை எத்தனை மணி. நுனியில் சுருங்கிக் கிடப்பதையும் அடியில் கோணலாக இருப்பதையும் விட்டுவிடுங்கள்.

கயிற்று நீளத்தில் சராசரி 24 கதிர், 14 வரிசை, வரிசைக்கு 32 மணி என்று வைத்துக்கொள்வோம். 24 x 14 x 32 = 10,752. ஏக்கருக்கு இதைப் போல ஆயிரம் மடங்கு, ஒரு கோடியே ஏழரை லட்சம் மணி. ஆயிரம் மணி 280 கிராம் நின்றால் ஏக்கருக்கு 3010 கிலோ, அதாவது 30 மூட்டை, மாவுக்குப் பத்து. போனில் தட்டுகிறவர்கள் 10,752-ஐ 0.28-ஆல் பெருக்கினால் கிலோ நேராக வந்துவிடும். இதை ஓர் இடத்தில் செய்துவிட்டு வெளியே வராதீர்கள். ஒரு ஏக்கருக்கு ஐந்து இடமாவது பாருங்கள், வாய்க்கால் மடைப்பக்கம், வால்பக்கம், மேடு, பள்ளம் எல்லாம் அதில் வரட்டும்.

இப்போது அந்த 280 கிராமுக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். கதிர் எண்ணிக்கை, வரிசை, மணி எண்ணிக்கை மூன்றும் பூத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவாகிவிடும், பிறகு யார் என்ன செய்தாலும் அதிகமாகாது. ஆனால் மணியின் எடை கடைசிவரை ஏறிக்கொண்டே இருக்கும். மணியின் தலையில் குழி விழ ஆரம்பிக்கும்போது பலர் "கதிர் முற்றிவிட்டது" என்று மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மணிக்குள் சேர வேண்டிய மாவுச்சத்தில் பாதிகூடச் சேர்ந்திருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவதால் சம்பா, தாளடி நெல்லுக்குப் பிறகு வரும் மக்காச்சோளம் முழுக்க போர் தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது, ஏப்ரலில் போரில் தண்ணீர் இறங்கும், பக்கத்தில் தென்னை இருந்தால் அதற்கும் பாய்ச்ச வேண்டும், அதனால் "போதும்" என்று சொல்ல மனம் தயாராக இருக்கும். தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே வயலில் ஆயிரம் மணி 280-க்குப் பதில் 230 கிராமாக நின்றால் விளைச்சல் 2470 கிலோ. ஏக்கருக்கு ஐந்து மூட்டைக்கு மேல் போய்விட்டது. 2025-26 ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,400 ரூபாயில் பார்த்தாலே 12 ஆயிரத்துக்கு மேல். உழவு, விதை, உரம், களையெடுப்பு எல்லாம் செய்து முடித்த பிறகு, ஒரு பாய்ச்சலை நிறுத்தியதில் போகிற காசு இது.

எப்போது நிறுத்தலாம் என்பதைக் கதிரே சொல்லும். ஒரு கதிரை நடுவில் ஒடித்து, நுனிப்பக்கத் துண்டைக் கையில் எடுத்து, ஒடிந்த முகத்தைப் பாருங்கள். அடிப்பக்கத் துண்டில் பார்த்தால் முளை இருக்கும் பக்கம்தான் தெரியும், கோடு புலப்படாது. நுனித்துண்டில் மணியின் மேல் பகுதி நல்ல மஞ்சளாகவும் கீழ்ப்பகுதி வெளுப்பாகவும் இருக்கும், நடுவில் ஒரு கோடு. நகத்தால் மேலே குத்தினால் இறங்காது, கோட்டுக்குக் கீழே குத்தினால் பால் பீய்ச்சும். அந்தப் பால்கோடு மணியின் பாதிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 90 சதவீத எடை சேர்ந்திருக்கும். அதுவரை ஈரம் காயவே கூடாது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் களிமண் என்றால் பாதி தாண்டியபின் இருக்கும் ஈரமே போதும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மணற்பாங்கு நிலமென்றால் இன்னும் ஒரு பாய்ச்சல் கொடுக்கலாம். கோடு அடியைத் தொட்டதும் மணியைப் பிடுங்கி அதன் அடிக்காம்பைச் சுரண்டுங்கள், கறுப்பாக ஒரு படலம் தெரிந்தால் செடிக்கும் மணிக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குமேல் ஒரு கிராம்கூட ஏறாது. தண்ணீரும் வேண்டாம்.

டானிக்கும் வேண்டாம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, குழி விழுந்த பயிருக்குக்கூட "எடை ஏற்றும் மருந்து" என்று பாட்டிலை நீட்டுகிற ஆட்கள் உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் ஆண் பூ வரும் நேரத்திலும் மணி பிடிக்கும் நேரத்திலும் அடிக்கிற சரக்கு. மணி இறுகியபின் தோகையில் எதை அடித்தாலும் காசுதான் கரையும்.

கதிரை உரிக்கும்போதே வயலில் என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிடும். நுனியில் இரண்டு அங்குலம் மொட்டையாக இருந்தால் உடனே விதையைத் திட்டாதீர்கள், உற்றுப் பாருங்கள். அந்த இடத்தில் சின்னச் சின்னதாக வெளுத்துச் சுருங்கிய மணி இருந்தால், கரு பிடித்தபின் செடி கைவிட்டிருக்கிறது; பூத்த இரண்டு வாரத்துக்குள் தண்ணீரோ தழைச்சத்தோ பற்றாமல் போயிருக்கும், இல்லை நாலைந்து நாள் மேகமூட்டமாக இருந்திருக்கும். மணியே இல்லாமல் வெறும் சக்கை தெரிந்தால் மகரந்தம் சேரவில்லை. கதிர் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி இருந்தாலும் அதே காரணம்தான், பெரும்பாலும் கதிர் மயிரைப் புழு கடித்திருக்கும். அடித்தோகையில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக அம்பு முனைபோல மஞ்சள் ஏறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு, ஓரம் மட்டும் தீய்ந்திருந்தால் சாம்பல்சத்து. இந்த வருஷத்துக்கு இதில் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த நடவுக்கு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

படைப்புழுவைப் பற்றியும் கேட்பார்கள். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் பார்த்த புழு, அதே வருஷம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. கடைசி கட்டத்தில் தோகையில் ஓட்டை இருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. கதிருக்குள் போன புழுவுக்கு மருந்து எட்டாது, அடித்தும் பயனில்லை. கவனிக்க வேண்டியது அது துளைத்த இடத்தில் ஏறும் பூஞ்சணம். வறட்சியும் வெயிலும் சேர்ந்த வயலில், புழு கடித்த மணியில், பச்சை மஞ்சளாகத் தூள் படிந்திருந்தால் அந்தக் கதிர்களைத் தனியாக ஒதுக்குங்கள். நம் மக்காச்சோளம் போய்ச் சேர்வது பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவனத்துக்கு, அங்கே பூஞ்சண நஞ்சு கண்டால் லோடையே திருப்பிவிடுவார்கள். பத்துக் கதிரைக் கலந்துவிட்டு ஒரு லாரியை இழக்க வேண்டாம்.

தண்டையும் பாருங்கள். பூத்தபின் வறட்சியும் வெயிலும் பட்ட பயிரில் தண்டழுகல் வரும், பிளந்தால் உள்ளே நார் நாராகக் கரிப்பொடி தூவியது போலிருக்கும். தரையிலிருந்து இரண்டாவது கணுவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். இருபது செடியில் இரண்டு மூன்று நசுங்கினாலே காயட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கோடை மழை காற்றோடு வந்தால் படுத்துவிடும், படுத்த பயிரை மிஷின் முழுதாக எடுக்காது. ஈரம் 22, 25 சதவீதமாக இருந்தாலும் அறுத்துக் களத்தில் காய வைப்பது நல்லது.

ஈரம் என்றதும் இன்னொன்று. 25 சதவீத ஈரத்தில் 100 கிலோ எடை போட்டால் 14 சதவீதத்துக்குக் காயும்போது அது 87 கிலோதான். வயலிலேயே எடை போட்டுக் கேட்கும் வியாபாரி ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று முன்கூட்டியே பேசுங்கள். இந்தக் கணக்கு 13 கிலோ, அவர் 18 என்றால் ஏன் என்று கேட்கலாம். நம் பக்கத்திலும் நியாயம் வேண்டும், ஈரச் சோளத்தைக் காய்ந்த விலைக்குக் கேட்பதும் சரியில்லை.

மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் பக்கம் மக்காச்சோளத்துக்கு ஜோடி சோயா. நம்மூரில் சோயா காண்பது அரிது, அந்த இடத்தில் உளுந்தும் பாசிப்பயறும் இருக்கின்றன. முறை அதேதான்: செடி, காய், காய்க்குள் மணி, மணியின் எடை. சோயாக் காயில் இரண்டு மூன்று மணி, உளுந்தில் ஐந்தாறு. ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குச்சி வைத்து எண்ணுங்கள். 25 செடி, செடிக்குப் பத்துக் காய், காய்க்கு ஐந்தரை மணி, நூறு மணி 4.2 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 58 கிராம், ஏக்கருக்கு 230 கிலோவை ஒட்டி வரும். உளுந்தில் ஏமாற்றுவது பூ. பூவைக் காயாக எண்ணிவிடாதீர்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்தது போல காலம் தப்பிய மழை விழுந்தால் செடி மறுபடி தழைத்துப் பூக்கும், பார்க்க ரொம்பச் செழிப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பூவெல்லாம் காயாகும்வரை நிலத்தில் ஈரம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் தேமல் விழுந்த செடியின் காயைப் பாதிக்கணக்கில் எடுங்கள், காய் இருக்கும், உள்ளே மணி பொக்கு.

காப்பீட்டுக்காக நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தி அறுத்து எடை போடுவார்கள். அது 25 சதுர மீட்டர், அங்கே கிடைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஏக்கருக்கு 162 கிலோ. உங்கள் ஊரில் நடந்தால் போய் நில்லுங்கள். எந்த வயல், அதில் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் குலுக்கல் எண்ணில்தான் வர வேண்டும், "இந்தப் பக்கம் நல்லா இருக்கு, இங்கயே அறுங்க" என்று யாராவது சொன்னால், விளைச்சல் கூடுதலாகப் பதிவாகி இழப்பீடு குறையும், அது ஊருக்கே நஷ்டம். உங்கள் வயல் மட்டும் மழையில் மூழ்கியிருந்தால் அந்தப் பரிசோதனையை நம்பி உட்காராமல் 72 மணி நேரத்துக்குள் புகார் பதிவு செய்யுங்கள், போகும் முன் நான்கு மூலையிலும் நடுவிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உரித்த கதிரும் படத்தில் இருக்கட்டும்.