நூலகத் தேடல் பெட்டிக்குள் நடக்கும் வடிகட்டல்

"தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் பாதிக்குமா?" என்று பல்கலைக்கழக நூலகத்தின் ஏஐ தேடல் பெட்டியில் ஒரு மாணவர் தட்டுகிறார். சில நொடிகளில் மேற்கோள் எண்களோடு ஒரு பத்தி வந்து நிற்கிறது. அவர் எதைப் படிக்கப்போகிறார் என்பதும் அதற்குள் பாதி முடிவாகிவிடுகிறது.

முதல் வேலை மொழி மாதிரிக்கு, அதாவது உரையைப் படித்து எழுதப் பழக்கிய ஏஐ நிரலுக்கு. கேள்வியைத் தேடுசொற்களாக உடைத்து, 'தூக்கமின்மை', 'கற்றல்' போன்ற தொடர்புடைய சொற்களையும் சேர்த்துக்கொள்ளும். அவற்றுக்குப் பொருந்தும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் சிக்கும். அவற்றில் முன்னால் நிற்கும் சில பத்துப் பதிவுகள், பொருளைக் குறிக்கும் எண் வரிசைகளாக, அதாவது திசையன்களாக, மாற்றப்பட்டுக் கேள்வியோடு ஒப்பிடப்படுகின்றன. 2018இல் வந்த கூகுளின் பெர்ட் (BERT) என்ற மொழி மாதிரியின் அடிப்படை வடிவத்தில் ஒரு வரிசைக்கு 768 எண்கள். கேள்விக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. இரண்டுக்கும் இடையிலான கோணம் குறுகக் குறுகப் பொருள் நெருக்கம் என்பது கணக்கு. கடைசியில் ஐந்தோ பத்தோதான் மிஞ்சும். பதில் அவற்றை வைத்தே எழுதப்படுகிறது.

இந்தக் கணக்கு எதிர்மறையில் தடுமாறும். 'பாதிக்கும்', 'பாதிக்காது' இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசுவதால் அவற்றின் திசையன்கள் பக்கத்துப் பக்கத்திலேயே விழும். 'பாதிப்பில்லை என்ற முடிவுகள்' என்று கேட்டாலும் எதிர்த்தரப்புக் கட்டுரைகள் வந்து குவிவது அதனால்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. முழுக் கட்டுரை பதிப்பாளரின் உரிமத்துக்குள் பூட்டிக் கிடப்பதால், பல கருவிகள் ஆய்வுச் சுருக்கத்தை மட்டுமே படிக்கின்றன. 'நினைவுத்திறன் குறைந்தது' என்று சுருக்கம் சொல்லும். இருபது பேரை ஒரே ஓர் இரவு விழிக்கவைத்துச் செய்த சோதனை அது என்ற விவரம் செய்முறைப் பகுதியில் இருந்தால், பதிலில் அது எட்டிப்பார்க்காது. மாணவரும் கட்டுரையைத் திறக்காவிட்டால், பலவீனமான சான்று உறுதியான உண்மையாக அவருடைய ஆய்வேட்டில் ஏறிவிடும்.

மேற்கோள் எண்ணிக்கையையும் வரிசைப்படுத்தலில் சேர்க்கும் கருவிகளில், பெயர்பெற்ற கட்டுரையே மேலும் மேலும் கண்ணில் படும். புகழ் புகழையே ஈர்க்கும் இந்தப் போக்குக்குச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இலேயே 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். போன மாதம் வெளியான நல்ல ஆய்வு பின்வரிசையில் கிடக்கும்.

ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு, மூன்று பட்டியல்களிலும் எவை மாறுகின்றன என்று பார்ப்பது பலன் தரும். கிடைத்த ஒரு நல்ல கட்டுரையைப் பின்னர் மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று தேடினால், வடிகட்டலில் விழுந்துபோனவை அகப்படும். நூலகத் தரவுத்தளத்தோடு இணைக்கப்படாத பொது அரட்டைக் கருவி தந்த மேற்கோள் என்றால், டிஓஐ (DOI) எண்ணை, அதாவது கட்டுரைக்குரிய தனி அடையாள எண்ணை, முதலில் திறந்து பாருங்கள். சில சமயம் அப்படி ஓர் எண்ணே இருக்காது. சில சமயம் எண் அசலாகவே இருக்கும். ஆனால் திறக்கும் கட்டுரை வேறு ஏதோ தலைப்பில் இருக்கும்.